கூரையிட்ட பெருஞ்சந்தையும் நம் குழந்தைகளும்

உத்தியோகத்தின் பொருட்டோ, தொழிலை நாடியோ தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதே அக்கேள்வி. கடற்கரை, மிருகக்காட்சிசாலை, பொருட்காட்சிசாலை, கோயில் என்று பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். இவை யாவும் நல்ல இடங்களே. ஆயினும் அனுமதிச் சீட்டு வேண்டாத ஓரிடம், ஒரு முற்பகற் பொழுதில் சரித்திரம், கணக்கு, மொழி, தாவரவியல் ஆகிய நான்கையும் கையில் எடுத்துக் கொடுக்கும் ஓரிடம், நம் நினைவுக்கு வருவதேயில்லை. நகரத்தின் பழைய மார்க்கெட்டுத்தான் அவ்விடம். காய்கறியும் பழமும் வாங்கப் பெரியவர்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போய்வர வேண்டிய இடம் அது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவற்றில், ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கூரையிட்டுக் கட்டப்பட்ட பெருஞ்சந்தைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் மும்பையிலுள்ள கிராஃபோர்டு மார்க்கெட்டை இங்கே எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு அங்கே எதைக் காட்டலாம், எதைச் சொல்லலாம், எதில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை விளக்க முற்படுகின்றேன். வேறு நகரங்களில் வசிக்கும் நேயர்கள் தங்கள் ஊர்ச் சந்தைக்கு ஏற்றவாறு இதனை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், இத்தகைய கட்டிடம் ஏன் தோன்றிற்று என்பதை அறிந்துகொள்வது நலம். சந்தை என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் திறந்த வெளிதான். வாரத்தில் ஒரு நாள் கூடும், மாலையில் கலைந்துவிடும். ஆனால் லட்சக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் நகரத்துக்கு அது போதாது. அங்கே அன்றாடம் உணவுப் பொருள் வேண்டும். கோடை வெயிலிலும், ஆனி முதல் ஆவணி வரை கொட்டும் மழையிலும் அது கெடாமல் இருக்க வேண்டும். அழுகலும் கழிவும் தெருவில் தேங்காமல் அகற்றப்பட வேண்டும். எடையும் தரமும் அதிகாரிகளின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இந்தத் தேவைகளுக்கெல்லாம் விடையாகவே கூரையிட்ட மார்க்கெட் எழுந்தது.

பம்பாய் நகரம் 1860 முதல் 1870 வரையிலான பத்தாண்டுகளில் மிக வேகமாக உருமாறிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே இந்தியப் பஞ்சுக்கு என்றுமில்லாத கிராக்கி ஏற்பட்டு, பம்பாயில் பணம் குவிந்தது. கோட்டையைச் சூழ்ந்திருந்த பழைய மதில்கள் இடிக்கப்பட்டன. புதிய வீதிகளும் கட்டிடங்களும் எழுந்தன. 1865 இல் நகரத்தின் முதல் முனிசிபல் கமிஷனராகப் பதவியேற்ற ஆர்தர் கிராஃபோர்டு, நகரச் சுகாதாரத்தைச் சீர்படுத்தும் பணிகளுள் ஒன்றாக இம்மார்க்கெட்டைக் கட்டுவித்தார். 1869 இல் கட்டிடம் நிறைவுற்றது. அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

இங்கே சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க செய்தி ஒன்றுண்டு. கிராஃபோர்டு நகரத்துக்காகப் பெருந்தொகைகளைச் செலவிட்டார். பணிகள் நல்லவையே, ஆனால் அவற்றுக்கான வரியைச் செலுத்திய குடிமக்களுக்கு, செலவைக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கவில்லை. 1871 இல் வரி செலுத்துவோர் கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாக 1872 இல் புதிய முனிசிபல் சட்டம் வந்தது. 64 உறுப்பினர் கொண்ட நகரசபையில் பாதிப் பேரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கலாம் என்ற உரிமை அச்சட்டத்தினால் கிட்டியது. அன்று வாக்குரிமை சிலருக்கே இருந்தது என்பது உண்மை. எனினும், நம் நாட்டில் நகராட்சித் தேர்தல் முறை வேரூன்றிய வரலாற்றில் இம்மார்க்கெட்டைக் கட்டிய மனிதரின் செலவுக் கணக்குக்கும் ஓர் இடம் உண்டு. நல்ல காரியமேயானாலும் பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் பாடத்தைப் பிள்ளைகள் இக்கட்டிடத்தின் வாயிலிலேயே கற்கலாம்.

சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கினால், மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். மாதுங்கா, சயான், செம்பூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மின்சார ரயிலே வசதியான வாகனம். உள்ளே நுழைய அவசரப்பட வேண்டாம். எதிர்ப்புறத்தில் நின்று, கட்டிடத்தை முழுமையாக ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கூண்டு, கூரிய கூரைகள், வளைவு வாயில்கள் ஆகியவை ஐரோப்பாவின் நார்மன், ஃபிளெமிஷ் பாணிகளைக் கலந்து அமைந்தவை. வரைபடம் தந்தவர் வில்லியம் எமர்சன். பின்னாளில் கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தை வரைந்தவரும் இவரே. ஆயின், சுவரிலுள்ள கல் ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. மங்கிய மஞ்சள் நிறக் கல் குர்லாவைச் சேர்ந்தது. சிவப்புக் கல் வசாயிலிருந்து வந்தது. அன்றாடம் ரயிலில் கடந்து செல்லும் குர்லா நிலையத்தின் பக்கத்து மண்ணிலிருந்து இந்தக் கல் வெட்டப்பட்டது என்று சொன்னால், குழந்தையின் கண்ணில் கட்டிடம் உடனே நெருங்கி வந்துவிடும்.

வாயில் வளைவுகளுக்கு மேலே பாருங்கள். உழவர்கள் வயலில் உழைக்கும் காட்சி புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றது. அரசனோ தளபதியோ அங்கே இல்லை. உணவை விளைவிப்பவர்களே இருக்கிறார்கள். இவற்றை வடிவமைத்தவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். 1857 இல் தொடங்கப்பட்ட ஜே. ஜே. கலைப்பள்ளியில் சிற்பம் கற்பிக்க 1865 இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர். அப்பள்ளி மார்க்கெட்டுக்கு மிக அருகிலேயே உள்ளது. அவ்வாண்டு டிசம்பரில் அவருக்குப் பம்பாயில் பிறந்த மகன்தான், காட்டு விலங்குகளிடையே வளர்ந்த மௌக்லி என்னும் சிறுவனின் கதையை எழுதிய ருட்யார்டு கிப்ளிங். அக்கதையை அறியாத குழந்தை இன்று அரிது. மௌக்லியைப் படைத்தவரின் தந்தை செய்த சிற்பம் இது என்றவுடன், அண்ணாந்து பாராத பிள்ளையும் அண்ணாந்து பார்க்கும்.

சுதந்திரத்துக்குப் பின்னர் இம்மார்க்கெட்டுக்கு மகாத்மா ஜோதிபா பூலே மண்டை என்று பெயரிடப்பட்டது. மராட்டியில் 'மண்டை' என்றால் காய்கனிச் சந்தை. தமிழ்க் குழந்தைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1827 இல் பிறந்து 1890 இல் மறைந்த பூலே, தம் மனைவி சாவித்திரிபாயுடன் சேர்ந்து 1848 இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர். அவருடைய குடும்பத்தார் பூ விற்றவர்கள். குடும்பப் பெயரும் பூவிலிருந்தே வந்தது. உழவர்களின் கடன் துயரையும் அறியாமையையும் பற்றி நூல் எழுதியவர் அவர். ஓர் ஆங்கில அதிகாரியின் பெயரைத் தாங்கிய சந்தை, உழவருக்காகப் பேசிய ஒருவரின் பெயரை ஏற்றது மிகப் பொருத்தமே. ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரும் புழங்குகின்றது. ஓர் இடத்துக்கு இரண்டு பெயர்கள் எவ்வாறு வருகின்றன என்று குழந்தை கேட்டால், மேற்சொன்ன இரு வரலாறுகளையும் கூறுவதே விடையாகும்.

இனி உள்ளே செல்வோம். நுழைந்ததும் வெளிச்சத்தையும் காற்றையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். இரும்புத் தூண்கள் தாங்கிய உயர்ந்த கூரை. அதன் வழியே விழும் பகல் வெளிச்சம். மின்விசிறியும் மின்விளக்கும் இல்லாத காலத்தில் கட்டப்பட்டது இது. சூடான காற்று இலேசாகி மேலெழும். கூரை உயரமாக இருந்தால் வெப்பம் மேலே சென்று வெளியேறும். கீழே பழமும் மனிதரும் சற்றுக் குளிர்ச்சியாக இருப்பர். பள்ளியில் ஏட்டில் படிக்கும் இந்த விதியை இங்கே உடம்பினாலேயே உணரலாம். பின்னர் 1882 இல் பம்பாயில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்ததும் இம்மார்க்கெட்டில்தான். உள்ளே எமர்சனும் கிப்ளிங்கும் சேர்ந்து உருவாக்கிய நீரூற்று ஒன்றுண்டு. பறவைகளும் விலங்குகளும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. எத்தனை உயிர்களைக் கண்டுபிடிக்க முடிகின்றது என்று பிள்ளைகளைத் தேடவிட்டால், கால் மணி நேரம் போவதே தெரியாது. அண்மை ஆண்டுகளில் நகராட்சி இங்கே புதுப்பிப்புப் பணிகளை மேற்கொண்டமையால் கடைகள் சில இடம் மாறியிருக்கக்கூடும். விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது.

இனிப் பழக்கடைகளுக்கு வருவோம். இங்கேதான் நம் பயணத்தின் உயிர் இருக்கின்றது. நமக்கே உரிய கவலை ஒன்றும் இங்கேதான் தலைகாட்டுகின்றது. வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அம்மா, அப்பா, சாப்பாடு, தூக்கம் என்பவற்றுக்குத் தமிழ் இருக்கின்றது. ஆனால் பொருள்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. திராட்சை 'அங்கூர்' ஆகிவிடுகின்றது. மாதுளை 'அனார்' ஆகிவிடுகின்றது. வினைச்சொல் மட்டும் தமிழாகவும், பெயர்ச்சொல்லெல்லாம் பிறமொழியாகவும் உள்ள ஒரு பேச்சு மூன்றாம் தலைமுறையில் நின்றுவிடுகின்றது. இதற்குப் பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. கண்ணால் காணாத பொருளின் பெயரை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பொருளைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொன்னால் அது தங்கும். அதற்குச் சந்தையைவிட ஏற்ற இடம் வேறில்லை.

பெயர்களை மட்டும் ஒப்புவிக்கச் செய்தால் அது பள்ளிப் பாடமாகிவிடும். பெயர்களின் கதையைச் சொல்ல வேண்டும். திராட்சையை எடுத்துக்கொள்வோம். மராட்டியில் அது 'திராக்ஷ'. நம் சொல்லும் அவர்கள் சொல்லும் வடமொழியாகிய ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. 'அங்கூர்' என்பது பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்தது. ஆகவே நாசிக்கிலிருந்து வந்த திராட்சையைப் பார்த்துத் தமிழ்ப் பெயரைச் சொல்லும் குழந்தை, மராட்டியக் கடைக்காரருக்கு அந்நியமான எதையும் சொல்லிவிடவில்லை.

அடுத்து, சப்போட்டா. மும்பையில் அது 'சிக்கூ'. இரண்டுக்கும் ஒற்றுமை சிறிதுமில்லை என்று தோன்றும். ஆனால் இம்மரம் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. ஸ்பானியர் அதை 'சிக்கோசப்போத்தே' என்று வழங்கினர். அந்நெடும் பெயரின் முன்பாதியை மேற்குக்கரை மக்கள் வைத்துக்கொண்டனர். பின்பாதியை நாம் வைத்துக்கொண்டோம். அன்னாசியோ தமிழ், மராட்டி இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பெயர் கொண்டது. அது போர்த்துக்கீசியர் வழியே அமெரிக்காவிலிருந்து வந்த பழம், பெயரும் அவர்களோடு வந்ததே. கொய்யாவும் அவ்வாறு கடல் கடந்து வந்ததுதான்; நாம் கொய்யா என்பதை மராட்டியர் 'பேரு' என்பார்கள். உருளைக்கிழங்குக்கு மராட்டியர் 'பட்டாட்டா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லையே ஏற்றுக்கொண்டனர். நாமோ வடிவத்தைப் பார்த்து நம் சொல்லையே இட்டோம்.

எல்லாவற்றினும் சுவையானது மிளகாயின் கதை. அமெரிக்காவிலிருந்து அது வருவதற்கு முன்பு, நம் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. புதிய காய் வந்தபோது அதன் காரத்தைக் கண்டு, மிளகு போன்ற காய் என்று பொருள்பட மிளகாய் என்றனர் தமிழர். மராட்டியில் மிளகுக்கு 'மிரி', மிளகாய்க்கு 'மிர்ச்சி'. இரண்டு மொழியினரும் தனித்தனியே ஒரே விதமாகச் சிந்தித்திருக்கிறார்கள். நம் மொழியும் அண்டை மொழியும் பகைகள் அல்ல, ஒரே அனுபவத்துக்கு வாய்த்த இரண்டு நாவுகள் என்பதைக் குழந்தை எளிதில் உணர்ந்துகொள்ளும்.

மாம்பழக் காலமாகிய சித்திரை, வைகாசியில் சென்றால் மார்க்கெட்டில் கால் வைக்கும்போதே மணம் வரவேற்கும். கொங்கணக் கரையின் அல்போன்சோ, மராட்டியில் 'ஹாபூஸ்', வைக்கோலுக்கிடையே அடுக்கப்பட்டு விற்பனைக்கு வரும். ரத்தினகிரி, சிந்துதுர்க் முதலிய கொங்கண மாவட்டங்களில் விளைவதற்கே அப்பெயர் உரியது என்று 2018 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. அல்போன்சோ என்பது போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகர்க்கின் பெயரையொட்டி வந்தது என்பர். மராட்டியில் பழுத்தது 'ஆம்பா', காய் 'கைரி' என்று வெவ்வேறு சொற்கள் உள்ளன. தமிழிலோ இன்னும் நுணுக்கம். பிஞ்சு நிலையில் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல் என்று மரத்துக்கு மரம் தனிச்சொல் வைத்தார்கள் நம் முன்னோர். வாழைப்பழத்தை இங்கே டஜன் கணக்கில் விற்பார்கள். நமக்குத் தார் என்றும் சீப்பு என்றும் சொற்கள் உண்டு. கடையில் தொங்கும் தாரைக் காட்டி, அதில் எத்தனை சீப்பு, ஒரு சீப்பில் எத்தனை பழம் என்று எண்ணச் செய்தால், சொல்லும் கணக்கும் ஒருங்கே மனத்தில் பதியும்.

கணக்கு என்றவுடன் தராசுக்கு வருவோம். குழந்தைக்குச் சிறு தொகை ஒன்றைக் கொடுத்து, அதற்குள் தானே பேசிப் பழம் வாங்கிவரச் சொல்லுங்கள். நீங்கள் அருகே நின்றால் போதும், பேச வேண்டாம். கடைக்காரர் 'பாவ் கிலோ' என்பார். அது கால் கிலோ, 250 கிராம். 'அர்தா' என்றால் அரை, 'பாவூண்' முக்கால், 'சவ்வா' ஒன்றேகால், 'தீட்' ஒன்றரை, 'அடீச்' இரண்டரை. நாம் ஒன்றையும் அரையையும் சேர்த்து ஒன்றரை என்போம். மராட்டியில் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் தனிச்சொற்கள் உண்டு. தமிழோ கீழ்நோக்கிச் செல்வதில் வல்லது. காலில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி வீசம். ஒரு கிலோவில் அரைக்கால் எத்தனை கிராம் என்று கேளுங்கள். 125 என்று விடை வர வேண்டும். வீசம் 62.5 கிராம். பள்ளியில் பின்னம் என்று அஞ்சும் பிள்ளை, முந்திரிப் பருப்புக் கடையின் முன் அஞ்சாது.

இன்று நாடெங்கும் கிலோவும் கிராமும் வழங்குவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். முன்பு அவ்வாறில்லை. சேர், மணங்கு என்று ஒரே பெயரால் வழங்கிய அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. தமிழகத்தில் வீசையும் பலமும் படியும் ஆழாக்கும் புழங்கின. ஓர் ஊரின் சேரை நம்பி வேறோர் ஊரில் வாங்கியவர் ஏமாந்தார். 1956 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962 க்குள் நாடெங்கும் பரவின. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று வாழும் நம்மைப் போன்றோருக்கு இந்தச் சீர்திருத்தம் செய்த உபகாரம் பெரிது. எடைக்கற்களிலும் தராசிலும் அரசாங்கப் பரிசோதனை முத்திரை இருக்க வேண்டும் என்பதையும், அதைப் பார்த்து வாங்கும் உரிமை எவருக்கும் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நன்று.

சந்தையின் பொருள்களைக் காட்டிவிட்டு, மனிதர்களைக் காட்டாமல் திரும்பலாகாது. பெரிய வட்டக் கூடையைத் தலையில் சுமந்து, வாங்குவோரின் பின்னால் நடந்துவரும் கூலியாட்களுக்குப் 'பாட்டிவாலா' என்று பெயர். மராட்டியில் 'பாட்டி' என்றால் கூடை. இச்சொல்லைக் கேட்டுக் குழந்தைகள் மறுபடியும் சிரிப்பார்கள். சிரித்து ஓய்ந்தபின், அக்கூடையின் பாரத்தைப் பற்றிப் பேசுங்கள். இப்பழம் எங்கே விளைந்தது, யார் பறித்தார், யார் வண்டியில் ஏற்றினார், எத்தனை கைகள் மாறி இங்கே வந்தது என்று கேள்விகளாகக் கேளுங்கள். நாம் கொடுக்கும் ரூபாயில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு போகின்றது. எவர் பங்கு பெரிது, எவர் பங்கு சிறிது என்று யோசிக்கப் பழகும் பிள்ளை, பிற்காலத்தில் பேரம் பேசும்போதும் மனிதத்தன்மையை இழக்காது. கடைக்காரரைப் 'பாவூ' என்றோ 'தாதா' என்றோ, மூத்த பெண்மணியை 'மாவ்ஷி' என்றோ மரியாதையாக அழைக்கக் கற்றுக்கொடுங்கள். முன்னவை இரண்டும் அண்ணன் தம்பி முறை. பின்னது சித்தி, பெரியம்மா முறை. உறவு சொல்லி அழைப்பது நமக்குப் புதிதன்று. இந்த ஊர் உறவுச் சொல்லால் அழைப்பது, நாம் வாழும் ஊருக்குச் செய்யும் மரியாதை.

ஒரு விஷயத்தில் பெற்றோர்கள் முன்கூட்டியே உறுதி கொள்ள வேண்டும். பறவைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் விற்கும் கடைகள் நெடுங்காலமாக இம்மார்க்கெட்டின் ஒரு பகுதியில் இருந்துவந்தன. பழைய மார்க்கெட்டுகள் பலவற்றிலும் இவ்வழக்கம் உண்டு. கூண்டுப் பறவையைக் கண்ட குழந்தை, வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கும். பச்சைக்கிளி, மைனா முதலிய நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கிளி வளர்ப்பது நம் குடும்பங்களில் பழைய வழக்கமாயிற்றே என்று பாட்டிமார் கூறலாம். வழக்கம் பழையதுதான், ஆனால் காட்டிலிருந்து பிடிபட்டுச் சந்தை வந்து சேருமுன் பல பறவைகள் மடிந்துபோகின்றன என்பதை அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சட்டம் தடுக்கின்றது என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், இக்காரணத்தையும் சொன்னால், குழந்தை ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். மறுநாள் வீட்டு ஜன்னலில் வந்தமரும் கிளியைப் பார்க்கும்போது அதன் மகிழ்ச்சி வேறாக இருக்கும்.

சில நடைமுறைக் குறிப்புகளையும் சொல்லிவிடுகின்றேன். ஞாயிற்றுக்கிழமையன்று பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை முற்பகலோ, விடுமுறைக் காலத்தில் வேறொரு வார நாளோ ஏற்றது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கூட்டம் மிகுதி. சிறு குழந்தைகளோடு அப்போது செல்ல வேண்டாம். தரை சில இடங்களில் ஈரமாக இருக்கும். வழுக்காத செருப்பு அவசியம். இறைச்சி விற்கும் பகுதி தனியே உள்ளது. அதைப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் குடும்ப வழக்கத்தையும் குழந்தையின் மனநிலையையும் பொறுத்தது. நுழைந்தவுடன் ஓர் அடையாள இடத்தைக் காட்டி, பிரிந்துவிட்டால் அங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிய சீட்டு, குழந்தையின் சட்டைப் பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட முயல வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும். பசியும் களைப்பும் வருமுன் புறப்பட்டுவிட வேண்டும்.

இப்போதே ஏன் செல்ல வேண்டும் என்று கேட்கலாம். கட்டிடங்கள் நிலைத்திருப்பவை போலத் தோன்றுகின்றன; சந்தைகள் அவ்வளவு உறுதியானவை அல்ல. கிராஃபோர்டு மார்க்கெட்டே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நகரத்தின் பழ மொத்த வியாபாரத்தின் மையமாக இருந்தது. குறுகிய தெருக்களில் லாரிகள் நெருக்கியடித்தமையால், 1996 இல் மொத்த வியாபாரம் நவி மும்பைக்கு மாற்றப்பட்டது. விடியற்காலை ஏலமும், மலைமலையாகக் குவிந்த பழப் பெட்டிகளும் அதோடு போயின. இன்று எஞ்சியிருப்பது சில்லறை வியாபாரம். பழங்களோடு உலர்பழங்கள், வெளிநாட்டு மிட்டாய்கள், அலங்காரப் பொருள்கள், பொம்மைகள் ஆகியவையும் கடைகளில் இடம் பிடித்துள்ளன.

சென்னையிலிருந்து வந்த முதியோர்களுக்கு மூர் மார்க்கெட் நினைவிருக்கும். சென்ட்ரல் நிலையத்தின் அருகே 1900 இல் திறக்கப்பட்ட அச்செந்நிறக் கட்டிடத்தில், பழைய புத்தகங்களைத் தேடிப் பொழுது கழித்தோர் எத்தனையோ பேர். 1985 மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் பின்னர் ரயில்வே கட்டிடம் எழுந்தது. பேரக்குழந்தைக்கு அதைச் சொல்லத்தான் முடியும், காட்ட முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவின் நியூ மார்க்கெட்டிலும் பெருந்தீ மூண்டது. ஆனால் 1874 இல் திறக்கப்பட்ட அம்மார்க்கெட் முற்றும் அழியவில்லை. எரிந்த பகுதி மீண்டும் கட்டப்பட்டு, வியாபாரம் தொடர்கின்றது. இரு தீவிபத்துக்களின் முடிவுகளை ஒப்பிட்டால், மக்கள் நாள்தோறும் சென்றுவரும் இடங்கள் எவ்வளவு அருமையானவை என்பது புலப்படும்.

கல்கத்தாவில் வாழ்வோருக்கு நியூ மார்க்கெட் உண்டு. பூனாவில் 1886 இல் திறக்கப்பட்ட மண்டை உண்டு. அதுவும் இன்று மகாத்மா பூலேயின் பெயரையே தாங்குகின்றது. பெங்களூரில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டும், 1927 இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டும் உண்டு. பூக்கடைகளில் மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று தமிழ்ப் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வோர் அங்கே பலர். மொழியும் பழமும் ஊருக்கேற்ப மாறும். செல்லும் முறை ஒன்றேதான். கட்டியவர் யார், கட்டிய காலம் எது என்று சிறிது அறிந்துகொண்டு செல்லுங்கள். கடைக்காரரின் மொழியில் ஒரு பெயரும், நம் மொழியில் ஒரு பெயருமாக, பத்துப் பொருள்களைக் குழந்தை கற்றால் அந்நாளுக்கு அது போதும். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரு மொழியிலும் எழுதச் செய்யுங்கள். அடுத்த முறை தமிழகத்துக்குச் சென்று பாட்டனார் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும்போது, மரத்தைப் பார்த்து அதன் பெயரை நம் பிள்ளை தயங்காமல் சொல்லும். அதே பழத்துக்குத் தான் வாழும் ஊரில் வழங்கும் பெயரையும் பாட்டனாருக்குக் கற்றுக்கொடுக்கும்.